அண்ணனின் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு விண்ட்ஸ்கிரீன்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஹொஸ்கோட்டை ஏரிக்கரைச் சாலையில், பொழுது சாயும் நேரத்தில், அண்ணனின் வலது கண்ணில் ஒரு வண்டு மோதியது.

2. அவன் கீழே விழவில்லை. அந்தக் கண்ணை இறுக மூடிக்கொண்டே அல்சூர் வரை வண்டியை ஓட்டி வந்து சேர்ந்தான். தண்ணீர் விட்டுக் கழுவினால் சரியாகிவிடும் என்றான்.

3. சரியாகவில்லை. புண்ணாகிச் சீழ் வைத்தது. கண்ணாஸ்பத்திரியில் பல நாள் கிடந்தான். கட்டை அவிழ்த்தபோது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

4. மிச்சமிருக்கிற கண்ணுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இதை அவர் அண்ணனிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னார்.

5. வண்டியை விடமாட்டேன் என்றான் அண்ணன். வண்டி இல்லையென்றால் அவனுக்கு வேலை இல்லை.

6. ஆகவே, வண்டிக்கு முன்னால் ஒரு விண்ட்ஸ்கிரீன் பொருத்துவது என்று முடிவாயிற்று. எதைப் பொருத்துவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டில் படித்தவள் நான்தான்.

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்கள், "இவள் எதற்கெடுத்தாலும் எண் போடுகிறாளே" என்று நினைத்திருப்பார்கள். பயம் வந்தால் சிலர் சாமி பேரைச் சொல்வார்கள். நான் எண் போடுவேன்.

ஆனால் கண்ணை மூடினால் எனக்கு முன்னால் வந்து நிற்பது இந்த ஆறில் எதுவுமில்லை. ஒரு சாயங்காலம். கோலார் சாலை. அண்ணனுக்குப் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறேன். அவன் தலையைத் திருப்பாமல், இதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில் கேட்கிறான்:

"சாரு, வலது பக்கம் இன்னா வருது?"

அந்த இடத்துக்கு வருவதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

வலது பக்கம்

அண்ணன் தனபால் ஒரு மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி. திங்கட்கிழமை புறப்பட்டால் கோலார், முள்பாகல், சித்தூர், சில வாரம் வேலூர் வரை போய் டாக்டர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்புவான். பின்னால் மாதிரி மருந்துப் பெட்டி, அதன் மேல் படுக்கைச் சுருள். யுத்த காலத்தில் ராணுவம் ஓட்டிக் கழித்த கனமான மோட்டார் சைக்கிள். பச்சைப் பெயிண்டைச் சுரண்டிவிட்டுக் கறுப்பு அடித்திருந்தான்.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பெயிண்ட், ரப்பர், பிளாஸ்டிக், எது வந்தாலும் இழுத்தும் வளைத்தும் உடைத்தும் பார்ப்பது எங்கள் வேலை. ஒரு பொருள் எப்போது உடையும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணன் முதல் வாரத்தில் காப்பி டம்ளர்களாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு வலது புறம் வைத்ததெல்லாம் கீழே போயிற்று. நான் அவனுக்கு வலது பக்கம் நின்று கையை ஆட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. இன்னும் முன்னால் வந்து ஆட்டினேன். தெரியவில்லை. கிட்டத்தட்ட அவன் மூக்குக்கு நேரே வந்தபோதுதான், "ஏன்டி, ஈ ஓட்டறியா?" என்று கேட்டான்.

நம் சாலைகளில் நாம் இடது பக்கம் போகிறோம். எதிரே வருகிற லாரியும் பஸ்ஸும் நமக்கு வலது பக்கம் வருகின்றன. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது தோன்றாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அண்ணன் கோழி மாதிரித் தலையை வெட்டி வெட்டித் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொண்டான். "ரெண்டு கண்ணு வெச்சிக்கினு எத்தினி பேர் ஒழுங்கா ஓட்றான்?" என்பான். தெருவில் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அம்மா உள்ளே போய்விடுவாள்.

புழுதிக் கண்ணாடி மாட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். அதன் ரப்பர் விளிம்பு ஆறாத கண்ணை அழுத்தியது. வியர்வையில் மங்கிப்போனது. எல்லாவற்றையும் விட மோசம், மிச்சமிருந்த ஒரே கண்ணின் ஓரப் பார்வையையும் அது மறைத்தது. பாதி உலகத்தை இழந்தவனுக்கு மீதிப் பாதியில் வேலி போட எனக்கு மனம் வரவில்லை.

சுத்தியால் அடிக்கட்டுமா?

சிவாஜி நகரில் பழைய வண்டிச் சாமான் கடைகள் இருக்கிற சந்துக்குள் அதுவரை நான் போனதில்லை. புடவை கட்டிய பெண்கள் அங்கே வருவதில்லை. கிரீஸ் வாசனை, தகரம் வெட்டும் சத்தம், பக்கத்துக் கடையில் கபாப் புகை. கரீம் பாய் தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்து என்னைத் தாண்டி அண்ணனிடம்தான் பேசினார்.

"எந்த வண்டிக்கு தம்பி?"

"அவளக் கேளு பாய். நான் சும்மா கூட வந்தவன்," என்றான் அண்ணன்.

கரீம் பாய் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, தடித்த இரும்புச் சட்டத்தில் பதித்த ஒரு கண்ணாடியை எடுத்து வைத்தார்.

"இது பாரு தங்கச்சி. ராணுவ வண்டியிலேர்ந்து எறக்கினது. சுத்தியால அடி, உடையவே உடையாது."

மேஜை மேல் சுத்தியல் இருந்தது. எடுத்தேன். "அடிக்கட்டுமா?"

"அரே! ஒரு பேச்சுக்குச் சொன்னா நிஜமாவே அடிச்சிடுவ போலகீதே!" என்று கண்ணாடியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தான்.

மூன்று வகை இருந்தது. கண்ணாடி ஒன்று. தெளிவானது, கீறல் விழாது. ஆனால் கல் பட்டு உடைந்தால் சில்லெல்லாம் ஓட்டுகிறவன் முகத்துக்குத்தான் வரும். அடுத்தது செல்லுலாயிட் தாளைக் கித்தானில் வைத்துத் தைத்தது. லேசாக இருக்கும், வெயிலில் பழுப்பேறும், நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். அண்ணன் சிகரெட் பிடிப்பவன்.

மூன்றாவது பெர்ஸ்பெக்ஸ். விமானங்களுக்குப் போடுகிற, கண்ணாடி போலவே தெளிந்த பிளாஸ்டிக். ஏலத்தில் வந்த பலகைகள் கரீம் பாயிடம் இருந்தன. "ஏரோப்ளேன் கண்ணாடிம்மா. குண்டே பூராது," என்றார். குண்டு நுழையும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உடைந்தால் சில்லுச் சில்லாகச் சிதறாது, பெரிய துண்டுகளாகத்தான் பெயரும் என்பதும் தெரியும். அதற்கு ஒரு குணம் உண்டு. சூடாக்காமல் இழுத்துப் பிடித்து வளைத்த நிலையில் அதன் மேல் பெட்ரோலோ ஸ்பிரிட்டோ பட்டால் உள்ளுக்குள்ளேயே முடியளவு விரிசல்கள் ஓடும். சோதனைக் கூடத்தில் பல தடவை பார்த்திருக்கிறேன்.

"சோப்புத் தண்ணி தவிர வேற எதுவும் இது மேல படக்கூடாது," என்று அண்ணனிடம் சொன்னேன். அம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை. அம்மா அந்த வண்டியைத் தொட்டதே கிடையாது.

பெர்ஸ்பெக்ஸ் என்று முடிவானது. உயரம் எவ்வளவு என்பதுதான் பெரிய தகராறு.

மேல் விளிம்பு கண்ணுக்குக் கீழே இருந்தால், அதற்கு மேலாகச் சாலையைப் பார்க்கலாம். எது வந்தாலும் நேரே தெரியும். ஆனால் கண் வெளியே இருக்கும். மேல் விளிம்பு தலைக்கு மேலே போனால், கண் முழுக்கப் பத்திரம். ஆனால் சாலை முழுவதையும் அந்தப் பலகை வழியாகத்தான் பார்த்தாக வேண்டும்.

"ஜட்காவுக்குப் படுதா கட்டின மாதிரி கீது," என்றான் அண்ணன். "தாழ்வா வை."

"வண்டு மறுபடியும் வந்தா?"

உயரமானதையே வெட்டச் சொன்னேன். மேலே வளைத்துப் பொருத்த வேண்டும், பெர்ஸ்பெக்ஸைச் சூடுபடுத்தி இளக வைத்துத்தான் வளைக்க வேண்டும் என்றும் கரீம் பாயிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். பிரேசர் டவுனில் தன் மைத்துனர் பேக்கரி வைத்திருப்பதாகவும், ரொட்டி இறக்கிய பிறகு அந்த அடுப்பில் வைத்து அப்பளம் மாதிரி இளக்கி வளைத்துத் தருவதாகவும் சொன்னார். முதலில் வேடிக்கையாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் ரொட்டி அடுப்பின் சூடு அதற்குச் சரியான சூடுதான்.

வண்டின் எடை

மிஞ்சிய ஒரு துண்டைக் கூடத்துக்கு எடுத்துப் போனேன். அல்சூர் ஏரிப் பக்கம் விளக்குக் கம்பத்தடியில் செத்துக் கிடந்த வண்டுகளைக் காலையில் பொறுக்கி, ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு போய் எடை பார்த்தேன். வண்டி ஓடுகிற வேகத்தில் அந்த வண்டு எவ்வளவு பலமாக மோதும் என்று கணக்கிட்டு, அதைவிடப் பல மடங்கு பலமாக விழும்படி ஒரு எஃகுக் குண்டைத் துண்டின் மேல் போட்டேன்.

எங்கள் மேற்பார்வையாளர் கிருஷ்ணமூர்த்தி வந்து நின்றார். "ஏனம்மா இது? வண்டுக்கெல்லாம் டெஸ்ட் ரிப்போர்ட்டா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். குண்டைத் தானே எடுத்து இன்னும் உயரத்திலிருந்து போட்டார். துண்டு தாங்கியது. "சாகு பிடம்மா," என்றார். கன்னடத்தில், போதும் விடு என்று அர்த்தம்.

அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினேன்.

அலமாரி ஆடும் வீடு

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கோலார் தங்கவயலில் நாங்கள் இருந்த வரிசை வீடுதான் நினைவுக்கு வருகிறது. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். பூமிக்குள் வெகு ஆழத்தில் பாறை திடீரென்று தானாக வெடிக்கும். மேலே எங்கள் வீட்டில் அலமாரியிலிருந்து பாத்திரங்கள் உருளும். தொட்டித் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை வரும். அந்த வரிசையில் இருந்த எல்லாப் பெண்களும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். யாரும் பேசமாட்டார்கள். சுரங்கத்து விபத்துச் சங்கு ஊதுகிறதா என்று காது கொடுத்து நிற்பார்கள்.

ஒவ்வொரு தடவையும் அப்பா திரும்பி வந்தார். அம்மா பாறைக்குத்தான் பயந்தாள். கடைசியில் அப்பாவைக் கொண்டுபோனது அவர் நெஞ்சில் சேர்ந்திருந்த தூசி. கட்டிலில், பகலில், எங்கள் எல்லோருக்கும் முன்னால்.

பிறகு பெங்களூர் வந்தோம். அல்சூரில் இடி இடித்தால்கூட அம்மா முதலில் அலமாரியைத்தான் பார்ப்பாள். இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் வாசலுக்கு வந்து நிற்கிறாள், பேசாமல்.

சந்தனமும் குங்குமமும்

விண்ட்ஸ்கிரீன் பொருத்தி வந்தது ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்னால். வளைவு அழகாக இருந்தது. "அடுப்புல வெச்சுதானே வளைச்சீங்க பாய்?" என்று கேட்டேன். "பின்ன?" என்றார்.

ஆயுத பூஜையன்று எங்கள் தெருவில் சைக்கிள், தையல் மெஷின், கறிக்கடைக் கத்தி, எல்லாமே மாலை போட்டு உட்கார்ந்திருக்கும். அண்ணன் வண்டியின் இரண்டு பக்கமும் வாழைக் கன்று கட்டினோம். வண்டியைத் தொடாத அம்மா அன்று தொட்டாள். குங்குமம் காற்றில் உதிரக்கூடாது என்று எண்ணெயில் குழைத்து, விண்ட்ஸ்கிரீனுக்கு நடுவில், சரியாக அண்ணன் கண்ணுக்கு நேரே, உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் பூசி அதன் மேல் பொட்டு வைத்தாள்.

"அம்மா, ரோடு தெரியாதும்மா," என்றான் அண்ணன்.

"இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும். திருஷ்டி கழியட்டும்."

மறுநாள் விஜயதசமி. தங்கவயலில் அத்தை வீட்டுக்குப் போவதாக இருந்தோம். புது விண்ட்ஸ்கிரீனுக்கு முதல் நீண்ட பயணம். பின்னால் உட்கார்ந்து அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க நானும் கிளம்பினேன். வெயில் ஏறிய பிறகு புறப்படலாம் என்று தலை வாரிக்கொண்டு வெளியே வந்தால் விண்ட்ஸ்கிரீன் தண்ணீர் போல இருந்தது. சந்தனமும் இல்லை, எண்ணெய்க் கறையும் இல்லை.

"பளிச்சினு கீதேம்மா!" என்றேன்.

அம்மா புன்னகை செய்தாள். அவள் புன்னகை செய்து ரொம்ப நாளாகியிருந்தது.

திரும்பும் வழி

போகும்போது ஒன்றும் தெரியவில்லை. வெயில் உச்சியில் இருந்தது. அத்தை வீட்டு வாசலில் வண்டி மத்தியானம் முழுக்க வெயிலில் நின்றது. சாப்பிட்டு, பேசி, டீ குடித்துக் கிளம்பினோம். பொழுது இருக்கும்போதே ஹொஸ்கோட்டை ஏரியைத் தாண்டிவிட வேண்டும் என்பது என் கணக்கு.

கோலார் தாண்டியதும் சூரியன் நேர் எதிரே வந்தது. பெங்களூர் மேற்கே இருக்கிறது. அந்த நேரத்தில் வீடு திரும்புகிற யாருக்கும் சூரியன் முகத்துக்கு நேரேதான் இருக்கும்.

அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது விண்ட்ஸ்கிரீனில் போல்ட் முடுக்கிய இடங்களைச் சுற்றி ஏதோ மின்னியது. மீன் செதில் மாதிரி. தூசி என்று நினைத்தேன். தூசி மின்னாது என்று அடுத்த நொடியே தோன்றியது. எனக்கு அந்த மினுமினுப்பைத் தெரியும். கூடத்தில் விளக்கடியில் பார்த்திருக்கிறேன். அது இங்கே வரக் காரணமே இல்லை.

"அண்ணா, ஓரமா நிறுத்து," என்றேன். காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை.

சாலை ஓர் ஏரிக் கரை மேல் ஏறியது. சூரியன் இன்னும் ஒரு விரல் இறங்கியது. அவ்வளவுதான். செதில் மாதிரி இருந்தது ஒரே நேரத்தில் பலகை முழுக்கப் பற்றிக்கொண்டது. ஆயிரம் விரிசலும் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டன. எங்களுக்கு முன்னால் சாலை இல்லை, மரம் இல்லை, வானம் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று எங்களோடு கூடவே ஓடி வந்தது.

"இன்னாடி இது? எல்லாம் வெள்ளையாகீது!"

"நிறுத்துண்ணா!"

"பின்னாடி லாரி!"

உண்மை. எங்கள் முதுகுக்குப் பின்னால் லாரியின் ஹாரன் அலறிக்கொண்டிருந்தது. இடது பக்கம் கரையின் சரிவு. அண்ணன் உடம்பை இடது பக்கம் சாய்த்து, விண்ட்ஸ்கிரீனின் ஓரத்துக்கு வெளியே தலையை நீட்டினான். நல்ல கண்ணுக்குச் சாலையின் இடது விளிம்பு தெரிந்தது. அது மட்டும்தான் தெரிந்தது.

அப்போதுதான் கேட்டான்: "சாரு, வலது பக்கம் இன்னா வருது?"

புடவை கட்டிய பெண்கள் எல்லோரும் உட்காருவது மாதிரி நானும் ஒருபக்கமாக, இடது பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு வலது பக்கம் தெரியாது. எனக்கு வலது பக்கம் முதுகு. அந்த வண்டியில் வலது பக்கத்தைப் பார்க்க யாருமே இல்லை.

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து முறுக்கித் திரும்பினேன். புழுதி. புழுதிக்குள் ஒரு மாட்டு வண்டி. அதை முந்திக்கொண்டு, எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்ட ஒரு பஸ்.

"பஸ்ஸு. மாட்டு வண்டியத் தாண்டறான். நம்ம பக்கம் வந்துட்டான்."

"கிட்டவா?"

"ஓரம் போ. இன்னும். இன்னும் போ. மண்ணுல எறக்கு."

"சரிவு கீதுடி."

"தெரியுது. இன்னும் கொஞ்சம் எடம் கீது. எறக்கு!"

மண்ணில் இறங்கினோம். பஸ் கடந்தபோது காற்று பலகை போல அடித்தது. படீரென்று ஒரு சத்தம். விண்ட்ஸ்கிரீனின் இடது மூலை போல்ட்டோடு பெயர்ந்து, அண்ணன் முகத்தில் பட்டு, என் மடிக்கு மேலாகப் பறந்தது.

வண்டி தள்ளாடி நின்றது. லாரி எங்களைத் திட்டிக்கொண்டே போயிற்று. அண்ணன் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தியிருந்தான். விரல்களுக்கு இடையிலிருந்து ரத்தம் வந்தது.

இறங்கி அவன் முன்னால் நின்றேன்.

"கைய எடு."

எடுக்கவில்லை.

"அண்ணா, கைய எடு. நான் பார்க்கணும்."

"வேணாம் சாரு." எதற்கும் கிண்டல் செய்கிற என் அண்ணன், தெருவையே சிரிக்க வைக்கிறவன், குழந்தை மாதிரிச் சொன்னான். "பயமாகீதுடி. எடுத்துட்டு, தெரியலேன்னா?"

எண் போட முயன்றேன். ஒன்று என்பதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. வண்டிக்காரர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். நாங்கள் இருவருமே திரும்பவில்லை.

பிறகு அவனே கையை எடுத்தான். கன்ன எலும்புக்கு மேல், கண்ணுக்கு ஒரு விரற்கடைக்குக் கீழே, நீளமாக வெட்டு. இமை மூடியிருந்தது. மெல்லத் திறந்தான்.

"உன் மூக்கு தெரியுது," என்றான். "அப்பா மூக்கு."

நான் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மிச்சமிருந்த பலகையைக் கழற்றிச் சரிவில் போட்டோம். விண்ட்ஸ்கிரீன் இல்லாமல், அந்த நேரத்தில், அந்த ஏரியைத் தாண்ட நான் சம்மதிக்கவில்லை. ஹொஸ்கோட்டைக்கு முந்தின ஊரில் அவனுக்குப் பழக்கமான மருந்துக் கடை ஒன்று இருந்தது. முந்தானையைக் கிழித்து அவன் கன்னத்தில் கட்டிவிட்டு, நடையை விடக் கொஞ்சம் வேகமாக அதுவரை ஓட்டிப் போனோம். கடைக்காரர் காயத்துக்குக் கட்டுப் போட்டார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். பஸ்ஸில் அவனை ஜன்னலோரம் உட்கார விடவில்லை.

பெட்ரோல்

"எதுல தொடச்சம்மா?" என்று கேட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் வேறு எதையும் முதலில் கேட்கத் தோன்றவில்லை.

"பெட்ரோல்ல," என்றாள் அம்மா, அண்ணன் கன்னத்துக் கட்டையே பார்த்தபடி. "எண்ணெக் கறை வேற எதுல போவும்? பட்டுப் புடவைக்குப் போடறதுதானே? அலமாரியிலேர்ந்து எடுத்து, மல்லுத் துணியில நனைச்சு, பூப் போல தொடச்சேன்."

உண்மைதான். எங்கள் வீட்டில் பட்டுப் புடவையில் கறை பட்டால் பெட்ரோல்தான். தெருவில் பலர் தங்கள் புடவைகளை அம்மாவிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். சாயம் போகாமல், நூல் நலுங்காமல் கறையை எடுப்பதில் அவளுக்கு நிகர் இல்லை.

அண்ணன் என் கையை அழுத்தினான். "வெயில்ல கெட்டுப் போச்சும்மா. மட்டமான சரக்கு," என்றான். பின்கட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னான்: "நீ வாயத் தெறக்காத. தாங்கமாட்டா."

"சொல்லலேன்னா அடுத்ததையும் தொடைப்பாங்க."

"பாட்டில ஒளிச்சு வெச்சிடு."

"உன் வண்டியிலயே பெட்ரோல் கீதேண்ணா."



மறுநாள் காலை அம்மா அரிசி களைந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். பொருளின் குணம் இது, பெட்ரோல் பட்டால் இப்படி ஆகும், வளைத்த விதமும் சரியில்லை போலிருக்கிறது, என்று கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்வது மாதிரிச் சொன்னேன். என் குரல் நிதானமாக இருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

அம்மா கையை அரிசிக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"அப்போ அவன் கன்னத்துல கீறினது நான்தானா?"

"இல்லம்மா."

"நீதானே இப்போ சொன்ன?"

கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "எதுல தொடைக்கலாம்னு சொல்லு," என்றாள். "சோப்பா? எந்த சோப்பு? துணி எது? தொவைச்ச துணியா, புதுசா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுபடியும் கடை

கரீம் பாய் அண்ணன் கன்னத்தைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"பாய், அடுப்புல வெச்சீங்களா, இல்லையா?"

கழுத்தைச் சொறிந்துகொண்டார். "அன்னிக்கு அடுப்பு காலியா இல்ல தங்கச்சி. பண்டிகை ஆர்டர். தூண்ல கயிறு கட்டி இழுத்து வளைச்சேன். வளைஞ்சுதானே இருந்துச்சு?"

"அவன் கண்ணு போயிருக்கும் பாய்."

அவர் அண்ணனைப் பார்த்தார். வேறு பக்கம் பார்த்தார். அதன் பிறகு நான் கேட்டதற்கெல்லாம் மறுபேச்சு இல்லை.

இந்தத் தடவை நான் பேக்கரிக்கே போனேன். பன் வாசனைக்கு நடுவில், மைத்துனர் மாவுக் கையோடு நின்று முறைக்க, பெர்ஸ்பெக்ஸ் பலகை தோசை மாதிரித் துவளும்வரை அடுப்பின் முன்னால் நின்றேன். மர அச்சின் மேல் படுக்க வைத்து, ஆறும்வரை யாரையும் தொட விடவில்லை.

உயரத்தைக் குறைத்துவிட்டேன். மேல் விளிம்பு அண்ணன் கண்ணுக்குக் கீழே நிற்கிறது. விளிம்பை மட்டும் வெளிப்பக்கமாக ஓர் உதடு போல வளைத்திருக்கிறேன். காற்று அதில் ஏறி அவன் தலைக்கு மேலாகப் போகும். காற்றோடு பூச்சியும் போகும். லேசான பூச்சிகள் போவதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கனமான வண்டு காற்றின் பேச்சைக் கேட்குமா என்பது எனக்கு நிச்சயமில்லை. சாலை தெரியாமல் போவதைவிட இது மேல் என்று முடிவு செய்தேன். இரண்டு பயத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன் என்பதுதான் சரி.

இப்போதைய நிலை

அண்ணனின் இடது கண் நன்றாக இருக்கிறது. சமீபத்தில் டாக்டர் பார்த்தார். கன்னத்தில் தழும்பு இருக்கிறது.

வலது கண்ணில் மாற்றமில்லை.

விண்ட்ஸ்கிரீனில் விரிசல் இல்லை. மாதம் ஒரு முறை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கிறேன். திங்கட்கிழமை காலைகளில் அம்மா அதைச் சோப்புத் தண்ணீரில் துடைக்கிறாள். துடைத்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள்.

இதை எழுதுவது ஒரு சனிக்கிழமை. பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. அம்மா வாசலில் நிற்கிறாள். அண்ணன் இன்னும் வரவில்லை.